அளக்க வந்த மருமகனுக்கு

வாரும் மாப்ளே, வாரும். என்னவே கையில இம்புட்டுக் காகிதம்? கோயில் கொடைக்கு வரி பிரிக்க வந்தீரா? ஓ, கேள்வித்தாளா! எம்.எஸ். நோய் வந்தவங்களுக்கு எது கை கொடுக்கு, எது கை விடுதுன்னு அளந்து டாக்டர் பட்டம் வாங்கப் போறீரோ. நல்ல காரியம். உங்க அம்மை, எந் தங்கச்சி, கல்யாண வீட்டுப் பாயசத்தையே கரண்டிக் கணக்குப் பாத்து ஊத்துனவ. அவ பெத்த பிள்ளை அடுத்தவன் வேதனையை அளக்கப் புறப்பட்டதுல அதிசயம் ஒண்ணும் இல்லை.

உக்காரும். உங்க அத்தை காப்பி போடுதா. அவ காப்பி வர்றதுக்குள்ள எவ்வளவு பேசலாம்னு இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நான் சர்வே ஆபீசுல சங்கிலி இழுத்தே தேஞ்சவன். அளக்குத வேலையில இருக்குத கள்ளத்தனம் கொஞ்சம் தெரியும். எம்.எஸ். பத்தித் தெரிஞ்சது பூராவும் எம் மவ சொல்லித்தான். அவளுக்கும் இதே நோய்தான்னு டாக்டரு சொன்னதுல இருந்து ராத்திரி போன்ல ஆராய்ச்சிக் கட்டுரையாப் படிக்கா, காலையில எனக்குப் பாடம் நடத்துதா. டீச்சர் இல்லையா, விட மாட்டா. பரீட்சை வைக்காததுதான் பாக்கி.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு முழுப் பேரு உள்ள இந்த நோயைப் பத்தி உமக்கு நான் சொல்ல வேண்டியது இல்லை. கிருமியை அடிச்சு விரட்டுததுக்குன்னு உடம்புல இருக்குத சக்தி, ஆள் அடையாளம் தெரியாம நம்ம நரம்பு மேல இருக்குத உறையையே அரிச்சிருது. மூளையில இருந்து காலுக்குப் போற சேதி தடுமாறுது, கண்ணுல இருந்து மூளைக்கு வர்ற சேதி மங்குது. 1868-ல பாரிசுல சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில ஷார்கோன்னு ஒரு டாக்டரு இதைத் தனி நோயாப் பிரிச்சுக் காட்டுனாரு. உலகத்துல 28 லட்சம் பேருக்கு மேல இருக்கு. பெரும்பாலும் 20-ல இருந்து 40 வயசுக்குள்ள வரும். ஆம்பளையைப் போல ரெண்டு மூணு மடங்கு பொம்பளைக்கு வரும். இதெல்லாம் உம்ம முதல் அத்தியாயத்துல இருக்கும். கிழவன் சொல்லப் போறது அதுக்கு அப்புறம் உள்ள சங்கதி.

இந்த நோய் சரியான ஏமாத்துக்காரன், மாப்ளே. பெரும்பாலானவங்களுக்கு ஆரம்பத்துல வரும், போகும். கண்ணு மங்கும், சில வாரத்துல தானாத் தெளியும். கால் மரத்துப் போகும், அப்புறம் திரும்பும். அந்தச் சமயத்துல நீரு கஷாயம் குடிச்சிருந்தா கஷாயத்துக்குப் பேரு, குலசாமிக்கு நேந்திருந்தா சாமிக்குப் பேரு, ஒண்ணும் செய்யாம மாமனாரைத் திட்டிக்கிட்டுக் கிடந்திருந்தா திட்டுனதுக்குப் பேரு.

இங்கிலாந்து ராசா மூணாம் ஜார்ஜுக்கு ஒரு பேரன் இருந்தாரு, அகஸ்டஸ் டெஸ்டே. 1822-ல அவருக்குக் கண்ணு மங்குச்சு. மருந்து ஒண்ணும் பண்ணாமத் தானாவே தெளிஞ்சதுன்னு டைரியில எழுதி வச்சிருக்காரு பாரும், அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம். ராசா வீட்டுப் பிள்ளையைச் சும்மா விடுவாவளா? பிறகு கால் தளர்ந்ததும் ஒரு டாக்டரு தினம் ரெண்டு வேளை மாட்டுக்கறி தின்னச் சொல்லி, பீரும் ஒயினும் குடிக்கச் சொன்னாரு. இரும்புச்சத்து உள்ள ஊத்துத் தண்ணி ஒரு பக்கம், மின்சார வைத்தியம் ஒரு பக்கம். அம்புட்டையும் எழுதி வச்சிட்டு, ஷார்கோ வகைப்படுத்துததுக்கு 20 வருசம் முன்னாலயே, 1848-ல போய்ச் சேந்தாரு. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் பூராவும். ஆனா எந்தக் காக்கா எப்ப உக்காந்துச்சுன்னு தேதி போட்டு எழுதுனாரே, அது உம்ம மாதிரி ஆளுக்கு உதவுமா உதவாதா?

ராசா காலத்துக் கதைன்னு சிரிக்காதீரும். 2009-ல இத்தாலியில, பெராரா ஊர்ல, சம்போனின்னு ஒரு ரத்தக்குழாய் டாக்டரு, கழுத்துச் சிரை குறுகுறதாலதான் எம்.எஸ். வருது, பலூன் விட்டு விரிச்சா தீரும்னாரு. அவரு பொஞ்சாதிக்கே எம்.எஸ். பாவம், பொய் சொல்ல நினைச்ச ஆள் இல்லை. ஆசை கண்ணை மறைச்சிருக்கு. கனடாவுல இருந்து ஆளுக கடனை வாங்கிக் கப்பல் ஏறாத குறையா வெளிநாடு ஓடுனாவ. நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகள்லயும் வந்து படுத்தாவ. எழுந்ததும் 'ஆகா, கால் லேசாயிட்டு'ன்னு வீடியோ. கடைசியில கனடாக்காரங்களே 104 பேரைச் சேத்து, பாதிப் பேருக்கு நெசமாவே பலூன் விட்டு, மீதிப் பேருக்கு விட்ட மாதிரி பாவனை பண்ணி, யாருக்கு எதுன்னு சொல்லாம ஒரு வருசம் பாத்தாவ. 2017-ல கணக்கு வந்துச்சு: ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அதே வருசம் சம்போனியோட சொந்தச் சோதனையும் அதையே சொல்லிட்டு. நெதர்லாந்துல தேனீயை விட்டுக் கொட்ட வச்சும் பாத்திருக்காவ, 26 பேரை வச்சு, 2005-ல. கொட்டு வாங்குனதுதான் மிச்சம்.

அதனால, அளக்காதீரும்னு நான் சொல்லவே இல்லை. அளக்காம விட்டா பலூன்காரன் வருவான். உருப்படியான மருந்தும் அளந்து பாத்துத்தான் வந்திருக்கு: 1993-ல அமெரிக்காவுல அனுமதி வாங்குன இன்டர்பெரான் ஊசி, நோய் திரும்பத் தாக்குததை மூணுல ஒரு பங்கு குறைக்குன்னு கணக்குப் போட்டுத்தானே காட்டுனாவ? எனக்குச் சந்தேகம் அளக்குத ஆள் மேல இல்லை, கையில இருக்குத கோல் மேல.

உங்க டாக்டருமாரு கோலையே எடுத்துக்கிடுவோம். கர்ட்ஸ்கேன்னு ஒரு அமெரிக்கக்காரரு 1955-ல ஒண்ணு செஞ்சு, 1983-ல அதைத் தட்டிச் சரி பண்ணுனாரு. பூஜ்யத்துல ஆரம்பிச்சுப் பத்து வரைக்கும், ஒண்ணுக்கு மேல அரை அரையா ஏறும். பூஜ்யம்னா ஒரு குறையும் இல்லை. பத்துன்னா பாடையைக் கட்டலாம். ஆறுன்னா ஒரு கம்பு ஊணி 100 மீட்டர். ஆறரைன்னா ரெண்டு பக்கமும் பிடிமானம் வச்சு 20 மீட்டர். ஏழுன்னா பிடிச்சுக்கிட்டும் அஞ்சு மீட்டரைத் தாண்ட முடியாது, சக்கர நாற்காலிதான். நாலைத் தாண்டிட்டா அதுக்குக் கண்ணு பெரும்பாலும் காலு மேலயே. பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா நடந்து காட்டச் சொல்லுது! கையில டம்ளர் நிக்கலை, கூட்டல் கணக்கு மறக்குதுன்னா, 'அம்மா, அது இருக்கட்டும், அந்தச் சுவர் வரைக்கும் நடங்க'ம்பாவ. நாலுல இருந்து நாலரைக்கு ஏறுறதும் ஆறுல இருந்து ஆறரைக்கு ஏறுறதும் ஒரே அரைதான் காகிதத்துல. நடக்குதவளைக் கேளும்.

எம் மவ ஒரு ஆஸ்பத்திரியில அப்படித்தான் நடந்தா. ஏசி வராந்தா, காலை நேரம், பாக்க நாலு பேரு. ரோசக்காரி, சும்மா ராணி மாதிரி நடந்தா. டாக்டரு சந்தோசமா எழுதிக்கிட்டாரு. மறுநாள் முழுக்க அவ கட்டிலை விட்டு எந்திரிக்கலை. அதை எழுத அந்தத் தாள்ல இடம் இல்லை. ஊனச் சான்றிதழுக்குப் போறவங்களுக்கும் இதே வில்லங்கம். 2016 சட்டத்துல 21 வகை ஊனத்துல எம்.எஸ்ஸையும் சேத்துட்டாவ, புண்ணியமாப் போச்சு. ஆனா பெரிய சலுகைக்கெல்லாம் 40 சதவீதம் காட்டணும். வந்து வந்து போற நோய்க்காரி, அளக்க வந்த அன்னைக்கு நல்லா நடந்து தொலைச்சான்னா என்ன செய்ய? போற வழியில நாலு தெரு வெயில்ல சுத்திட்டுப் போ தாயின்னு நான்தான் யோசனை சொன்னேன். முறைச்சா.

வெயில்னதும் ஞாபகம் வருது. உடம்புச் சூடு கொஞ்சம் கூடினாலே எம்.எஸ். காரங்களுக்குக் கண்ணு மங்கும், கால் பின்னும். ஆறினா சரியாப் போகும். உடம்பை அலட்டிக்கிட்டா கண்ணு மங்குதுன்னு 1890-லயே ஊட்டாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டரு எழுதி வச்சாரு. ஒரு காலத்துல நோய் இருக்கா இல்லையான்னு பாக்க ஆளைச் சுடுதண்ணித் தொட்டியில உக்கார வச்சே சோதிச்சிருக்காவ. சித்திரை மாசத்துல நம்ம ஊர்ப் பக்கம் தொட்டி எதுக்கு, வாசப்படி தாண்டினா போதும். எம் மவ ஈரத் துண்டைப் பிழிஞ்சு கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிட்டுத்தான் பஸ் ஏறுதா. பக்கத்து வீட்டுக்காரி 'என்ன, டீச்சருக்குச் சளியா?'ன்னு கேக்கா. அமெரிக்காவுல இதையே குளிர் சட்டையாத் தச்சுப் போட்டுச் சோதிச்சு, கொஞ்சம் பலன் இருக்குன்னு 2003-ல எழுதுனாவ. எங்க துண்டுக்கு அம்பது ரூவாதான் ஆச்சுன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா?

சரி, அசதிக்கு வாரேன். இந்த நோயில ஆளை அடிச்சுப் போடுததே அதுதான். வேலை செஞ்ச அசதி இல்லை. தூங்கி எந்திரிச்ச உடனே வருத அசதி. அதை அளக்க 21 கேள்வி வச்சு ஒரு தாள் இருக்கு, 84 புள்ளி வரைக்கும் போகும். டாக்டருமாரு வழக்கமா எழுதிக் கொடுக்குத மூணு மாத்திரை உண்டு. பால்டிமோர்லயும் சான் பிரான்சிஸ்கோவுலயும் 141 பேரைச் சேத்து, அந்த மூணையும், கூட ஒரு சும்மா மாத்திரையையும் மாத்தி மாத்திக் கொடுத்து, 2021-ல முடிவு போட்டாவ. ஆரம்பத்துல 51 புள்ளிக்குப் பக்கத்துல இருந்த அசதி, மூணு மருந்துலயும் 40-க்குப் பக்கத்துல இறங்குச்சு. ஆகான்னு கை தட்டிராதீரும். சும்மா மாத்திரையிலயும் 40-க்குப் பக்கத்துலதான் இறங்குச்சு! மருந்துகளுக்குப் பக்க விளைவு வேற கூடுதல். ஒத்தை மருந்தை மட்டும் கொடுத்து, முன்னால ஒரு தாளு, பின்னால ஒரு தாளுன்னு நீரு நிரப்பி வாங்கியிருந்தா, பத்துப் புள்ளி இறங்கிட்டுன்னு தம்பட்டம் அடிச்சிருப்பீரு. உம்ம திட்டத்துலயும் நோயாளிகளுக்கு ஒரு வகுப்பு நடத்தி, அதுக்கு முன்னால ஒரு தாளு, பின்னால ஒரு தாளு மட்டும்தானே இருக்கு? ஏன் தலையைச் சொறியுதீரு? ஒப்பிட ஒரு கூட்டம் சேரும். உம்ம வகுப்புக்கு வராமச் சும்மா கூடி உக்காந்து கதை பேசுத கூட்டமா இருந்தாலும் சரி. கதை பேசுனவங்க ஜெயிச்சிட்டா எனக்கு ஒரு வரி எழுதிப் போடும்.

இப்ப உம்ம கேள்வித்தாளைக் கொடும், பாப்போம். கண்ணாடி எங்க... ம். 'கோல்ப் ஆடுதல்'! சிரிக்காம என்ன செய்ய? எனக்குத் தெரியும், இது நீரு போட்டது இல்லை. எம்.எஸ். நோயாளிக்குன்னு 1995-ல கலிபோர்னியாக்காரங்க 54 கேள்வியில ஒரு தாள் செஞ்சாவ; பொது நோயாளிக்கு இருந்த 36 கேள்வித் தாளை அப்படியே உள்ளே வச்சுத்தான் கட்டினாவ. அதுல மேசையை நகத்த முடியுமா, தூசி உறிஞ்சுத மெஷினைத் தள்ள முடியுமா, கோல்ப் ஆட முடியுமான்னு ஒரு கேள்வி. எம் மவ கோல்ப் ஆடி நான் பாத்ததே இல்லை. நோய் வந்ததாலதான் ஆடலைன்னு நீரு குறிச்சிட்டுப் போயிருவீரு. கேக்கணும்னா இதைக் கேளும்: பால் பாத்திரத்தைச் சுடச்சுட இறக்கி வைக்க முடியுதா? கரும்பலகையில மேல் வரி எழுத முடியுதா? பஸ்ஸு நின்ன அந்த ஒரு நிமிசத்துக்குள்ள ஏற முடியுதா?

ஆஸ்திரேலியாவுல, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல, பேக்கன்ஹாம்னு ஒருத்தரு. அவரு புத்திசாலி. 'தாக்குப் பிடிக்குததை' அளக்க அதுக்கு முன்னால இருந்ததெல்லாம் எல்லாக் கஷ்டத்துக்கும் பொதுவான கோலு. வேலை போனாலும் அதே கேள்வி, வீடு எரிஞ்சாலும் அதே கேள்வி. இவரு எம்.எஸ். காரங்ககிட்டயே போய், 'நீங்க என்னதான் செய்யுதீங்க?'ன்னு கேட்டுட்டு வந்து, 2001-ல 29 கேள்வியில ஒரு தாளாக் கட்டுனாரு. ஏழு குவியலாப் பிரிஞ்சுது. பிரச்சினையைத் தீக்குதது, ஏத்துக்கிடுதது, உடம்பைத் தானே பேணுதது, மனசுல உள்ளதைக் கொட்டுதது, தப்பிச்சு ஒதுங்குதது எல்லாம் எவன் வேணா யோசிச்சிருப்பான். கூட ரெண்டு வந்துச்சு பாரும்: கைத்தடி, ஆள் துணைன்னு உதவியைப் பிடிச்சுக்கிடுதது, அப்புறம் தெம்பைச் சிக்கனமாச் செலவழிக்குதது. நாற்காலியில உக்காந்து யோசிச்சவனுக்கு இது வராது. எம் மவ முக்காலி போட்டு உக்காந்துதான் காய் நறுக்குதா, வகுப்புல ஒரு பிள்ளையை எந்திரிக்க வச்சு வருகைப் பதிவு வாசிக்கச் சொல்லுதா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் எவன் கல்யாணம்னாலும் போக மாட்டா. சொந்தக்காரங்க 'திமிரு'ங்காவ. பேக்கன்ஹாம் தாள்ல அதுக்கு மார்க்கு.

அவருகிட்டயும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 'தப்பிச்சு ஒதுங்குதது' கெட்ட குவியல்ல போயிட்டு. அதுல மார்க்கு கூடுனவங்க மனசு நொடிஞ்சிருக்காவன்னு கணக்கு சொல்லுது, மறுக்கலை. ஆனா போன வருசம் எடுத்த ஸ்கேன் கவரை எம் மவ பிரிக்காம பீரோ மேல தூக்கிப் போட்டா. ஏன்டின்னேன். 'பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நடக்குப்பா, முடியட்டும்'னா. தேர்வு முடிஞ்ச அன்னைக்கே சாயங்காலம் பிரிச்சா, மறுநாள் டாக்டரைப் பாத்தா. நீரு இடையில வந்து தாளை நீட்டியிருந்தா 'ஒதுங்குதா'ன்னு டிக் போட்டிருப்பீரு. அவ நேரம் பாத்து வச்சிருந்தாவே.

இன்னொண்ணு, இதுதான் சூட்சுமமானது. நோயைச் சொன்ன வருசம், வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை போடுவேன்னு ஒரு புள்ள வந்து கேட்டுச்சு. நாலு போட்டா. அப்ப கம்பு கிடையாது. இப்பக் கம்பு வந்தாச்சு, போன மாசம் கேட்டதுக்கு ஏழுங்கா! பொய்யா? இல்லை மாப்ளே. சர்வே சங்கிலி இழுத்து இழுத்துக் கண்ணி அகண்டு நீண்டு போகும். நீண்ட சங்கிலியை வச்சு அளந்தா, நிலம் அப்படியேதான் கிடக்கும், கணக்குல மட்டும் சுருங்கிரும். அதுக்குத்தான் வேலைக்குப் போகு முன்ன சங்கிலியை அளவுக்கல்லுல வச்சுச் சரி பாப்போம். எம் மவளுக்குக் கஷ்டத்தை அளக்குத சங்கிலியே நீண்டு போச்சு. முன்னால மலையாத் தெரிஞ்சது இப்ப மேடு. ஸ்ப்ராங்கர்ஸ், ஷ்வார்ட்ஸ்னு ரெண்டு அம்மாமாரு 1999-ல இதை அலசி எழுதியிருக்காவ. சங்கிலியைச் சரி பாக்க வழியும் உண்டு: இன்னைக்கு மார்க்கு வாங்கும்போதே, 'அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு இப்ப நினைக்குதீங்க?'ன்னு சேத்துக் கேக்குதது. நான் கேட்டேன். 'அன்னைக்கு எட்டுதான்ப்பா, தெரியாத்தனமா நாலு போட்டுட்டேன்'னா. இதுல எந்த எண்ணை நீரு ஆய்வேட்டுல ஏத்துவீரு? ரெண்டையும் ஏத்தும். ஒண்ணை மறைச்சீரு, உம்ம வாத்தியாரு வீட்டுக்கே வந்து சொல்லிருவேன்.

தாளை நீட்டு முன்ன ஒரு விசயம். எம் மவ தனியா இருக்கும்போது கேளும். மாமியா அடுப்படியில பாத்திரம் உருட்டும்போது 'வீட்டில் ஆதரவு கிடைக்கிறதா'ன்னு கேட்டா எவ 'இல்லை'ன்னு சொல்லுவா? நானே அத்தை காதுல விழுத தூரத்துல இருந்தா, காப்பி அமிர்தம்னுதான் சொல்லுவேன். எம்.எஸ். வந்தவங்கள்ல பாதிப் பேர் வரைக்கும் ஆயுசுல எப்பவாவது மனச்சோர்வுல விழுதாவன்னு ஒரு கணக்கு உண்டு. அதுகூட 'பரவாயில்லை'ங்கிற ஒத்தை டிக்குக்குள்ள ஒளிஞ்சுக்கிடும். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கேக்காதீரும். அவ எதுக்கெடுத்தாலும் 'சரி, சரி'ன்னு போட்டுட்டு உம்மை விரட்டிருவா. காலையில வாரும்.

அந்த ஷ்வார்ட்ஸ் அம்மா இன்னொரு வேலை செஞ்சிருக்காவ, எனக்கு ரொம்பப் பிடிச்சது. எம்.எஸ். காரங்கள்ல ஒரு பாதிக்குத் தாக்குப் பிடிக்குத வித்தையை வகுப்பு வச்சுச் சொல்லிக் கொடுத்தாவ. மறு பாதிக்கு, அதே நோய் உள்ள அஞ்சு பேரைப் பழக்கி, போன் போட்டுக் காது கொடுத்துக் கேக்க மட்டும் சொன்னாவ. வகுப்புதான் மேல்னு கணக்கு வந்துச்சு. விட்டிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். அந்த அம்மா அந்த அஞ்சு பேரையும் அளந்து பாத்தாவ, யாருமே அளக்க நினைக்காத ஆளுகளை. போன் வந்தவங்களை விடப் போன் போட்டவங்கதான் ஏகத்துக்கும் தெளிஞ்சிருந்தாவ! தன்னம்பிக்கை ஏறியிருக்கு, சோர்வு இறங்கியிருக்கு. அஞ்சு பேரை வச்சு ஊர்க்கணக்கு சொல்லக் கூடாதுன்னு நீரு வாயைத் திறக்கு முன்ன நானே சொல்லிட்டேன். இருந்தாலும் உம்ம தாளைத் திருப்பும். 'உங்களுக்கு யார் உதவுகிறார்கள்?' ஆறு கேள்வி இருக்கு. 'நீங்கள் யாருக்கு உதவுகிறீர்கள்?' எங்க? ஒண்ணு கூட இல்லையே.

எம் மவ நாகர்கோயில்ல ஒரு பிள்ளைகிட்டப் பேசுதா, தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். அந்தப் பிள்ளைக்கு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு, கல்லூரி கூட முடிக்கலை. ஊசி எந்தத் தொடையில போடணும், காய்ச்சல் வந்தா என்ன மாத்திரை, சிநேகிதிககிட்டச் சொல்லலாமா கூடாதா, எல்லாம் ஓடும். சில நாள் பேச்சே இல்லை, ரெண்டு பேரும் ஒரே சீரியலை அங்கயும் இங்கயும் பாத்துக்கிட்டுப் போனைக் காதுல வச்சிருப்பாளுக. பகல் முழுக்க 'முடியலைப்பா'ன்னு கிடந்தவ அந்த நேரத்துக்கு மட்டும் எப்படி எந்திரிச்சு உக்காருதாங்கிறதை நீரு அளந்து சொல்லும். அதுக்கு ஒரு கேள்வி சேரும். கூடவே போன் ரீசார்ஜ் காசு யாரு கொடுக்காவன்னு இன்னொரு கேள்வியும் சேரும். அதுக்கு மட்டும் நீரு அலைய வேண்டாம், நானே பதில் சொல்லிருதேன்: அவ அப்பன்.